இரண்டு கப் கேடெட்டைச் சேர்த்து ஒரே டிராக்டராக்க முடியுமா?

மேட்டுக்காடு:
ஒஹாயோவில் இருக்கிறேன். கொட்டகையில் கப் கேடெட் 122 என்ற சிறிய தோட்ட டிராக்டர் இரண்டு நிற்கின்றன, இரண்டிலும் 12 குதிரைத்திறன் கோலர் இஞ்சின், மூன்று கியர், ஓடும் நிலையில்தான். தோட்டத்து மண் கெட்டிக் களி, ஒற்றை டிராக்டரில் கலப்பையை ஆழமாக இறக்கினால் சக்கரம் வழுக்கிக்கொண்டே நிற்கிறது. இரண்டு டிராக்டரை ஒட்டிச் செய்த டோ டிரிபிள் டி என்ற பழைய பிரிட்டிஷ் டிராக்டரின் படத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டின் முன் அச்சையும் கழற்றிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் என்ன என்று தோன்றுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? முக்கியமாக இரண்டு கிளட்ச்சையும் இரண்டு கியரையும் எப்படி ஒரே ஆள் சமாளிப்பது?

பழைய இரும்பு:
நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். டிரிபிள் டி பிறந்ததே உங்கள் பிரச்சினையில்தான். இங்கிலாந்தின் எசெக்ஸ் விவசாயி ஜார்ஜ் பிரையர் 1957 வாக்கில் தன் களிமண்ணை உழப் போதுமான பலமுள்ள டிராக்டர் சந்தையில் கிடைக்காமல், இரண்டு ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரை நீங்கள் சொல்கிற மாதிரியே இணைத்தார். எர்னஸ்ட் டோ நிறுவனம் அதை மெருகேற்றி 1958 முதல் விற்றது, முந்நூறுக்கு மேல் செய்தார்கள். ஓட்டுநர் பின் டிராக்டரில்தான் உட்கார வேண்டும். முதலில் செய்ததில் முன் டிராக்டருக்குக் கியர் போட இறங்கிப் போகவேண்டியிருந்தது, பின் இருக்கையிலிருந்தே இயக்கும் ஏற்பாடு அப்புறம் வந்தது. நீங்கள் கேட்கும் கேள்வி அவர்களையும் படுத்திய கேள்விதான்.

ஹைட்ரோ பைத்தியம்:
122-ஐ அப்படியே விடுங்கள், 123 இரண்டு தேடுங்கள். அதே உடம்பு, அதே குதிரைத்திறன், கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக். வேக லீவர் இரண்டையும் ஒரே கேபிளில் கட்டிவிட்டால் முன்னே போவது, நிற்பது, பின்னே வருவது எல்லாம் ஒரு கையில் முடிந்தது, கிளட்ச் தொல்லையே இல்லை.

இந்தக் கப் கேடெட்டைச் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனமே 1961-ல் எச்டி-340 என்று ஒரு சோதனை டிராக்டர் செய்தது. விமானத் தொழிலிலிருந்து வந்த சிறிய கேஸ் டர்பைன், அதன் 80 குதிரைத்திறனைப் பாதியாகக் குறைத்து ஓட்டினார்கள். காதைப் பிளக்கும் சத்தம், எரிபொருளையும் குடித்துத் தீர்த்தது, இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்த ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் பிழைத்துக்கொண்டது. 1966-ல் 123-இல் வந்தது, அடுத்த வருடம் 656 என்ற பெரிய டிராக்டரில். எல்லோரும் டர்பைனைத்தான் பேசுகிறார்கள், எனக்கு அதன் பின்பாதிதான் அழகு. கையால் கட்டுகிறவர் பழைய சோதனை வண்டிகளில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

லேத் மணி:
இஞ்சினும் கியரும் பிறகு, முதலில் நடு மூட்டைப் பற்றி யோசியுங்கள், இந்த வண்டியின் உயிர் அங்கேதான். மூட்டு இரண்டு பக்கம் அசைய வேண்டும். செங்குத்தான இரும்புப் பின் (pin) ஒன்று, திரும்புவதற்கு. நீளவாக்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், மேடு பள்ளத்தில் முன் டிராக்டர் மட்டும் சாய்வதற்கு. இது இல்லையென்றால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அல்லது சேஸிஸ் முறுக்கிக்கொண்டு வெல்டிங் விடும். செங்குத்துப் பின்னை ஒரே தட்டில் தொங்கவிடாதீர்கள், மேலும் கீழும் காது (துளையிட்ட தட்டு) வைத்து, இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அளவு இடைவெளி விடுங்கள். வெண்கல புஷ், ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் நிப்பிள். இந்தச் செங்குத்துப் பின் இரண்டு ஆக்சிலுக்கும் சரியாக நடுவில் வந்தால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வரும், பாத்திக்குள் ஓட்டுகிறவருக்கு அது பெரிய வசதி.

திருப்புவதற்கு ஹைட்ராலிக் சிலிண்டர் போடுவீர்கள். அதன் ஹோஸ் வெடித்தால் வண்டி மடங்கிவிடும், பின்னாலிருந்து தள்ளுகிற டிராக்டர் முன்னதை மடக்கும்போது உங்கள் கால் நடுவில் இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் இரும்புத் தடை வெல்டு செய்யுங்கள், அடியில் வேலை பார்க்கும்போதும் ஏற்றிப் போகும்போதும் போட ஒரு பூட்டுக் கம்பியும் வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பார் இல்லாமல் ஏறி உட்காராதீர்கள்.

மேட்டுக்காடு:
மணி அண்ணா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். இரண்டு இஞ்சினும் கொஞ்சம் வேறு வேறு வேகத்தில் ஓடினால் கியர்பாக்ஸ் உடையாதா?

லேத் மணி:
மண்ணில் பயமில்லை, டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இரண்டையும் ஒரே வேகத்துக்கு வைத்தால் சுமையும் ஓரளவு பங்காகும். சிமென்ட் தளத்தில்தான் ஆபத்து, அங்கே முன் டிராக்டரை நியூட்ரலில் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். டயர் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. 122-ஐ வைத்தே செய்வதென்றால் இரண்டு கிளட்ச்சுக்கும் ஒரே பெடல் போதும், கியரை மட்டும் நின்றபடி போட்டுக்கொள்ளுங்கள், உழும்போது அடிக்கடி மாற்றப்போவதில்லையே. மூட்டை வரைந்து படம் போடுங்கள், வெட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.