ஒரே இறைவன் என்னும் இரு சமயங்களும் பிரியும் இடம் எது?

கேள்வி:
இறைவன் ஒருவனே என்று இஸ்லாமும் கிறிஸ்தவமும் சொல்கின்றன. ஆயினும் ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவம் பற்றிய பேச்சு எழுந்ததும் என் இஸ்லாமிய நண்பர் அதை இணைவைத்தல், அதாவது இறைவனுக்கு மற்றொன்றை இணையாக்குதல் என்கிறார். கிறிஸ்தவ நண்பரோ தாமும் ஒரே கடவுளையே வணங்குவதாக உறுதியாகக் கூறுகிறார். வேறுபாடு எண்ணிக்கையில்தான் இருக்கிறதா? வாதத்தில் வெல்வதற்காக அன்றி, இருவரையும் புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

முதல் பதில்:
நான் முஸ்லிம். நான்கே வசனங்கள் கொண்ட குர்ஆனின் 112ஆம் அத்தியாயம், அவன் எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவுமில்லை என்று சொல்கிறது. இறைவன் ஒருவனே என்னும் ஏகத்துவம் எங்களுக்கு வெறும் எண்ணிக்கை அன்று. அவனைப் போன்றது எதுவுமில்லை (42:11) என்பதும் அதில் அடங்கும். தமிழில் அல்லாஹ்வை 'அவர்' என்னாமல் 'அவன்' என்றே எழுதுகிறோமே, மரியாதைப் பன்மையின் சாயல்கூட அவனுடைய ஒருமையில் படக்கூடாது என்ற கவனம் அது. ஈஸா நபி (இயேசு) கன்னி மர்யமிடம் (மரியாள்) பிறந்ததையும், குர்ஆன் அவரை இறைவனின் வார்த்தை என்று அழைப்பதையும் (4:171) ஏற்கிறோம். ஆனால் அவர் படைக்கப்பட்டவர், இறைத்தூதர்.

இரண்டாம் பதில்:
சிக்கல் 'பெறுதல்' என்ற சொல்லில் இருக்கிறது. 325ஆம் ஆண்டு நிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், குமாரன் ஒளியிலிருந்து வந்த ஒளி, ஜெநிப்பிக்கப்பட்டவர் (பிதாவினால் பெறப்பட்டவர்), உண்டாக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கையிட்டபோது உடல்வழிப் பிறப்பை எண்ணவில்லை. மரியாள் திரித்துவத்தில் ஒருவரும் அல்லர். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்கிறது யோவானின் முதல் நிருபம். உலகம் தோன்றுமுன்பே பிதா குமாரனிடம் அன்பாயிருந்தார் என்பதால், அந்த அன்புக்குப் படைப்பு தேவைப்படவில்லை என்று விசுவாசிக்கிறோம்.

மூன்றாம் பதில்:
பலரும் இயேசுவையும் முஹம்மது நபியையும், விவிலியத்தையும் குர்ஆனையும் இணையாக வைத்து ஒப்பிடுகிறார்கள். கிறிஸ்துவையும் குர்ஆனையும் அருகருகே வைத்தால்தான் விஷயம் துலங்கும் என்பது என் கருத்து. கிறிஸ்தவத்தில் இறைவார்த்தை மாம்சமானது. இஸ்லாத்தில் அது வேதமாக இறங்கியது. 833ஆம் ஆண்டு கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி அறிஞர்களை வற்புறுத்தியபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்துச் சிறைப்பட்டார். அது இறைவனின் ஆதிப் பேச்சு, படைக்கப்பட்டதன்று என்பதே பின்னாளில் சுன்னி அறிஞர்களிடையே நிலைபெற்றது. இறைவனுடைய வார்த்தை படைப்பா, அநாதியா என்று நிக்கேயாவில், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் கொள்கையை ஒட்டி எழுந்த கேள்வியும் ஏறத்தாழ இதுவே. ஆகவே பிரிவு எண்ணிக்கையில் இல்லை. இறைவன் மனிதனாகிச் சிலுவையில் பாடுபட முடியுமா என்பதில் இருக்கிறது. அது அன்பின் உச்சம் என்கிறார் ஒருவர். இறைவனின் மாட்சிக்கு ஒவ்வாதது என்கிறார் மற்றவர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இஸ்லாத்தில் இறைவனைத் தந்தை என்று அழைப்பதில்லையா?

முதல் பதிலளித்தவர்:
இல்லை. நாங்கள் அவனுடைய அடியார்கள். ஆனால் அதைத் தொலைவு என்று எண்ணிவிடாதீர்கள். பிடரி நரம்பைவிட மனிதனுக்கு நெருக்கமாக இருப்பதாக அவனே சொல்கிறான் (50:16).