உதவி தேவை: பலகாரச் சைட் போனில் திறக்கக் கனநேரம் எடுக்குது

பயற்றம்பணியாரம்:
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில என்ட பெரியம்மா வீட்டிலயே பலகாரம் செய்து விக்கிறா. முறுக்கு, அரியதரம், சிப்பிப் பலகாரம், பயற்றம் பணியாரம். நான்தான் வேர்ட்பிரஸில ஒரு சைட் செய்து குடுத்தனான், காசு குடுத்து வாங்கின தீம் (சைட்டின்ட தோற்ற வடிவமைப்பு). வீட்டு வைபையில, என்ட லப்டொப்பில உடனே வருது. ஆனா ஓர்டர் குடுக்கிற ஆக்கள் போனிலதான் பாக்கினம். "பிள்ளை, வெள்ளையாவே நிக்குது" எண்டு சொல்லிப்போட்டுப் பழையபடி பெரியம்மாவுக்குக் கோல் எடுக்கினம். நேற்று வெள்ளவத்தைக்கு முந்தின ஸ்டேசன் தெஹிவளையில ரயில் வெளிக்கிடேக்க நானே திறந்து பாத்தன். வெள்ளவத்தை வரேக்கதான் முழுசா வந்தது. சைட்டை வேகமாக்கும் எண்டு சொல்லுற கேஷ் பிளகின் (துணைச் செயலி) ரெண்டு போட்டும் மாறேல்ல. ஹோஸ்டிங்கை (சைட்டை வைச்சிருக்கிற சர்வர் சேவையை) மாத்த வேணுமா? தீபாவளிக்கு முதல் சரிவரவேணும்.

அரைப்புள்ளி:
ஹோஸ்டிங்குக்கு இப்ப காசு கட்டாதீங்கோ தங்கச்சி. குரோமில டெவலப்பர் டூல்ஸ் திறந்து நெட்வேர்க் பக்கம் போங்கோ. கேஷை (குரோம் முதல் பாத்ததைச் சேமிச்சு வைக்கிறதை) நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தைத் திரும்ப லோட் பண்ணினா, மொத்தம் எத்தனை எம்பி எண்டு அடியில காட்டும். பெரிய கோப்பு எது எதெண்டு பாத்து இங்க போடுங்கோ.

பயற்றம்பணியாரம்:
மொத்தம் 12 எம்பி, 118 ரிக்குவெஸ்ட் (பக்கம் சர்வரிட்டக் கோப்புக் கேக்கிற தடவை)! மேல தானா ஓடுற வீடியோ மட்டும் 5 எம்பி. படங்கள் மாறி மாறி ஓடுற ஸ்லைடரில 4 போட்டோ, ஒவ்வொண்டும் 1 எம்பிக்கு மேல, 4000 பிக்சல் அகலம். எழுத்துருக் கோப்பு 6. மிச்சம் ஜாவாஸ்கிரிப்ட், அதில அரைவாசி எதுக்கெண்டே எனக்குத் தெரியாது.

அரைப்புள்ளி:
அதுதான் காரணம். சைட்டின்ட வேகம் பாக்கிற கூகுளின்ட கருவி லைட்ஹவுஸ், அது போனுக்குச் சோதிக்கேக்க எடுக்கிற வேகம் செக்கனுக்கு 1.6 மெகாபிட். 8 பிட் ஒரு பைட், அப்ப செக்கனுக்கு 0.2 எம்பி. உங்கட 12 எம்பி வர 60 செக்கன். பக்கத்தின்ட முக்கியமான படமோ எழுத்தோ 2.5 செக்கனுக்குள்ள தெரிஞ்சாத்தான் கூகுள் அதை நல்ல வேகம் எண்டு கணக்கெடுக்கும். கேஷ் பிளகின் சர்வரின்ட வேலையைக் குறைக்கும், போனுக்குப் போற பாரம் அப்பிடியே இருக்கும். அதாலதான் ரெண்டு போட்டும் ஒண்டும் நடக்கேல்ல.

வீடியோவையும் ஸ்லைடரையும் எடுங்கோ. சாதாரணப் போன் திரைக்கு 1080 பிக்சல் அகலம் காணும். அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) எண்ட பாரம் குறைஞ்ச பட வடிவில சேமிச்சா ஒரு போட்டோ 100 கேபியளவில நிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதிவிடுங்கோ. இல்லாட்டிப் படம் வந்து விழேக்க எழுத்துக் கீழ குதிக்கும், முறுக்கைத் தட்டப் போறவருக்கு அரியதரம் தட்டுப்படும். லேசி லோடிங் (கீழ உருட்டி வரேக்க மட்டும் படத்தை இறக்கிறது) அடியில உள்ள படங்களுக்கு மட்டும். மேல தெரியிற முதல் படத்துக்குப் போட்டா அது இன்னும் பிந்தும், கனபேர் விடுற பிழை இது. எழுத்துரு 6ம் தேவையில்லை, இப்பத்தைய போன்களில தமிழும் சிங்களமும் ஏற்கெனவே இருக்கு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நான் இதுக்கு ஒத்துவரமாட்டன். சாப்பாட்டுச் சாமானைக் கண்ணால பாத்துத்தான் சனம் வாங்கும். எல்லாத்தையும் கழட்டினா கச்சேரியில (அரசாங்கக் கந்தோரில) குடுக்கிற படிவம் மாதிரி வந்திடும்.

அரைப்புள்ளி:
படத்தைக் கழட்டச் சொல்லேல்ல அண்ணை. பலகாரத்துக்கு ஒண்டாப் பகல் வெளிச்சத்தில எடுத்த நல்ல போட்டோ இருக்கட்டும். 1991இல் செர்ன் எண்ட ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தில டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட உலகத்தின்ட முதல் வெப்சைட்டை, 2013இல் செர்ன் பழைய முகவரியிலேயே திரும்ப வைச்சது. உங்கட போனில திறந்து பாருங்கோ, தட்டின உடன வரும். எழுத்தும் இணைப்பும்தான். அந்தளவு வெறுமை பலகாரத்துக்குச் சரிவராது, அது உண்மை. ஆனா 118 ரிக்குவெஸ்டில எது முறுக்கு விக்க உதவுது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுப் பாக்கவேணும்.

கடலோரப்பாதை:
எனக்கு வெப்சைட் வேலை தெரியாது, நான் வாங்கிற ஆள். என்ன இருக்கு, கிலோ என்ன விலை, எத்தனை நாளுக்கு முதல் சொல்லவேணும், எந்த நம்பருக்கு எடுக்கிறது. இது முதல் திரையிலேயே வேணும். விலைப்பட்டியலைப் படமாப் போடாதீங்கோ, பெருப்பிச்சா மங்குது. நம்பரைத் தட்டினாக் கோல் போகவேணும். என்ட அம்மாவுக்கு அந்த மூண்டு கோட்டுக்குள்ள மெனு ஒளிச்சிருக்கெண்டு தெரியாது. எங்கட பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியும் அரியதரம் எடுப்பா, சிங்களத்திலயும் பெயர் எழுதிவிடுங்கோ.

பயற்றம்பணியாரம்:
நாலு நாளாச் செய்து முடிச்சிட்டன். வேர்ட்பிரஸோட வாற சாதாரண தீம், 14 பிளகினில 3தான் மிச்சம். இப்ப 640 கேபி. விலைப்பட்டியல் மூண்டு மொழியிலயும் எழுத்தாவே இருக்கு. இண்டைக்குக் காலமை திரும்பத் தெஹிவளையில திறந்தன், ரயில் அசைய முதல் விலை வந்திட்டுது. நல்ல சந்தோசம், எல்லாருக்கும் நன்றி. லிங்க் கீழ போட்டிருக்கிறன். ஒண்டு மட்டும்: வீடியோ போனதில பெரியம்மாவுக்குக் கவலை. எண்ணெயில முறுக்கு பொரியிறதைப் பாத்தாத்தான் ஆசை வருமாம். தட்டினா மட்டும் ஓடுற மாதிரி வைக்கலாமா?

அரைப்புள்ளி:
ஓம், வடிவா வைக்கலாம். விலைப்பட்டியலுக்குக் கீழ போடுங்கோ. ஓட்டோபிளேயை (தானா ஓடுறதை) எடுத்துப்போட்டு, பிரீலோடை (முன்கூட்டியே இறக்கிறதை) "நன்" (none) எண்டு குடுத்து, தட்ட முதல் தெரியிற போஸ்டருக்கு ஒரு சின்னப் படம் வைச்சாச் சரி. தட்டிப் பாக்கிற ஆளுக்கு மட்டும்தான் அந்த 5 எம்பி போகும். சைட் பாத்தன், அரியதரம் படம் இருட்டா இருக்கு. அதை மட்டும் ஜன்னலடியில வைச்சுத் திரும்ப எடுங்கோ.