கொழுப்பு குறைந்த பிறகும் மாரடைப்பு: அழற்சி காரணமா, அடையாளமா?

கேள்வி:
ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு நன்கு குறைந்த பிறகும் சிலருக்கு மீண்டும் மாரடைப்பு வருவதற்குத் தமனிச் சுவரின் அழற்சியைக் காரணமாகச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே காரணமா, அல்லது நோயுடன் கூடவே தென்படும் அடையாளம் மட்டுமா?

மறுமொழி 1:
காரணம்தான் என்பதற்கு வலுவான சான்று, 2017இல் வெளியான கேண்டோஸ் ஆய்வு. முன்பே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு உயர்ந்திருந்த சுமார் 10,000 பேரிடம், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி, மருந்தில்லாத வெற்று ஊசியுடன் ஒப்பிடப்பட்டது. எல்டிஎல் மாறாமலேயே, 150 மி.கி. பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறக்குறைய 15% குறைந்தன. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின என்பதையும் மறைக்கக் கூடாது.

மறுமொழி 2:
நண்பர் சொன்னது சரி; ஆயினும் எந்த அழற்சித் தடுப்பு மருந்தும் பலன் தரும் என்று கொள்ள முடியாது. குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் சிஆர்பியையும் குறைக்கவில்லை, மாரடைப்பையும் குறைக்கவில்லை. யூரிக் அமில மூட்டுவலிக்கான பழைய மருந்தாகிய கோல்சிசின் 2019, 2020 ஆய்வுகளில் பலன் தந்து, 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் மாரடைப்பு வந்தவுடன் அதைத் தொடங்கிய 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை.

கேட்டவர்:
அப்படியானால் கோல்சிசின் ஸ்டாட்டினுக்கு மாற்றாகுமா?

மறுமொழி 2:
ஆகாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஸ்டாட்டினையும் தொடர்ந்தவர்கள். சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்களுக்குக் கோல்சிசின் பொருந்தாது.