நாய்களோட மலை ஏறணும், மேல இருந்து கடலும் தெரியணும்: நெல்லைப் பக்கம் எங்க போகலாம்?

பாளை மீனா:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு எங்க அண்ணன் கோயம்புத்தூர்ல இருந்து குடும்பத்தோட வாராங்க. அண்ணன், மதினி, மூணாங்கிளாஸும் ஏழாங்கிளாஸும் படிக்கிற ரெண்டு பிள்ளைங்க, கூட அவங்க வளக்குற லேப்ரடார் டாபி. எங்க வீட்டுல கருவாச்சின்னு ஒரு நாய் இருக்கு, கன்னிங்கிற நாட்டு வேட்டை நாய் இனம். மலையும் கடலும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிற இடம் நம்ம ஊர்ப் பக்கந்தான் இருக்கு, பிள்ளைங்களை அதுல ஏத்திக் காட்டணும்னு அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. திருக்குறுங்குடி நம்பி மலையா, மருத்துவாழ் மலையான்னு பேச்சு ஓடுது. ஆபீஸ்ல ஒருத்தர் காரையாறு போங்கன்னார்.

நாய்களை வீட்டுல விட்டுட்டுப் போக மனசில்ல. பொங்கல் சமயம் பாத்துக்க ஆளும் கிடையாது, ஆள் இல்லன்னா கருவாச்சி சோத்தைத் தொடவே மாட்டா. அம்மாவும் வருவேன்னு நிக்கிறாங்க. முழங்கால் வலி உண்டு, ஆனா பைய நடப்பாங்க. நாயோட போய்ப் பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க. எங்க போகலாம், எதைக் கவனிக்கணும்?

நாஞ்சில் வாசுகி:

மீனா, மருத்துவாழ் மலை எங்க வீட்டு மாடியில நின்னா தெரியும், அதனால சொல்றேன். நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற ரோட்டுல பொற்றையடியில இறங்கணும். கீழ படிக்கட்டு, மேல போகப்போக பாறை. அனுமன் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு சொல்லுவாங்க. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை இங்கதான். உச்சியில நின்னா தென்னந்தோப்பு, குளங்கள், அதுக்கு அப்பால் கடல். உங்க அண்ணன் கேட்டது அப்படியே கிடைக்கும்.

ஆனா நாயை மேல கொண்டு போகாதீங்க. வழி முழுக்கக் கோயிலும் குகையும், கும்பிட வாறவங்க வெறுங்காலோட ஏறுவாங்க. குரங்குக் கூட்டம் வேற. நாயைக் கண்டா அதுங்க கத்தும், நாய் இழுக்கும், பிடிச்சிருக்கிறவர் பாறையில வழுக்குவார். ஏறினா ரெண்டு பங்கா ஏறுங்க. பாதிப் பேரு மேல போய் வாற வரைக்கும் மீதிப் பேரு நாய்களோட அடிவாரத்து நிழல்ல இருக்கட்டும்.

பணகுடி அடிவாரம்:

தங்கச்சி, நான் மகேந்திரகிரி அடிவாரத்துக்காரன். தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல கன்னி நாய் உண்டு. வாசுகி அம்மா சொன்னது சரி. நான் இன்னும் ஒரு படி மேல போய்ச் சொல்லுதேன்: நாய் கூட வருதுன்னா பேர் பெத்த மலை எல்லாத்தையும் மறந்துருங்க. ஒரு பொத்தை போதும்.

நம்பி மலையும் காரையாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. 1988-ல இருந்து அது காப்பகம். செக்போஸ்ட்லயே நாயை இறக்கச் சொல்லிருவாங்க, சொல்லத்தான் செய்யணும். மகேந்திரகிரி 1600 மீட்டருக்கு மேல. அடிவாரத்துல இஸ்ரோ ராக்கெட் இஞ்சின் சோதிக்கிற இடம், மேல காடு. அது குடும்பத்தோட ஏறுற மலை இல்ல. கீழ நின்னு பாக்கத்தான்.

பொத்தைன்னா வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கமெல்லாம் சமவெளியில தனித்தனியா நிக்கே, அந்தக் கல்லுக் குன்றுகள். ஏற முக்கா மணி நேரம் ஆகும், சிலதுக்கு அதுகூட ஆகாது. உயரம் கம்மின்னு நினைக்காதீங்க. சுத்தி எல்லாம் சமதரை, மறைக்க ஒண்ணுமே கிடையாது. மேற்க திரும்பினா மகேந்திரகிரியில இருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் மலை வரிசை. கீழ கரண்ட் எடுக்கிற காத்தாலைங்க காடு மாதிரி நிக்கும். மழை ஓஞ்ச தை மாசக் காலையில தென்கிழக்க, கூடங்குளம் திசையில, கடல் ஒரு வெள்ளிக் கோடாத் தெரியும். பிள்ளைங்க அதை அவங்களாவே கண்டுபிடிக்கட்டும், விரலை நீட்டிக் காட்டிராதீங்க.

எந்தப் பொத்தைன்னு இங்க பேர் போட மாட்டேன். அதுக்குக் காரணம் இருக்கு. சிலது கோயில் பொத்தை. வள்ளியூர் சூட்டுபொத்தையில கிரிவலம் நடக்குது, முருகன் குகைக்கோயில் இருக்கிற குன்றுக்கும் எந்நேரமும் ஆள் வரும், அங்கல்லாம் நாய் வேண்டாம். சிலதுல வனத்துறை எல்லைக்கல் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. சிலதுல கல்குவாரி. இதுதான் எல்லாத்தையும் விட மோசம். முன்பக்கம் பாத்தா பொத்தை முழுசா நிக்கும், பின்பக்கம் செங்குத்தா வெட்டித் தண்ணி கட்டிக் கெடக்கும். வேலியும் இருக்காது. ஓடுற நாய்க்கு அந்த விளிம்பு தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அதனால முந்துன நாளே ஒரு ஆள் வந்து, ஊருக்குள்ள டீக்கடையில கேட்டு, பொத்தையை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுப் போகணும். வெடி வைக்கிற இடமான்னும் கேளுங்க. ஆடு மேய்க்கிறவங்களைக் கேட்டா எந்தப் பக்கம் ஏறுறது லேசுன்னு ஒரு வார்த்தையில சொல்லிருவாங்க.

இப்ப கருவாச்சி. கன்னியைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுல பூனைக்குட்டியாட்டம் கெடக்கும். ஆனா பொத்தையில ஒரு முயல் எந்திரிச்சு ஓடிச்சுன்னா, அந்த நிமிஷத்துல உங்க குரல் அவ காதுல ஏறாது. அவ பிறப்பு அப்படி, அவளைக் கோவிச்சுப் பிரயோசனம் இல்ல. முயலைப் பிடிச்சா வனச்சட்டப்படி குத்தம். மயிலைப் பிடிச்சா அதைவிடப் பெரிய குத்தம், இந்தப் பக்கம் மயில் இல்லாத பொத்தை கிடையாது. அதனால கயிறு கையை விட்டு இறங்கவே கூடாது. கழுத்துப்பட்டை வேண்டாம், கன்னிக்குத் தலை சின்னது, பின்னால இழுத்தா உருவிக்கிடும். நெஞ்சைச் சுத்திப் போடுற பெல்ட் வாங்குங்க. கயிறைப் பெரியவங்கதான் பிடிக்கணும், பிள்ளைங்க கையில குடுக்காதீங்க. இறங்கும்போது நாயை ஒட்டிப் பின்னால ஒருத்தர் மட்டும் வரட்டும், அம்மாவும் பிள்ளைங்களும் அந்தக் கயிறுக்கு முன்னால வேண்டாம்.

நேரம். விடிஞ்சும் விடியாம ஏறணும். தை மாசம் ஆறே முக்காலுக்கு வெயில் அடிக்கும், அப்ப நீங்க பாதி வழியில இருக்கணும். ஒம்பது மணிக்குள்ள எல்லாரும் கீழ. புறங்கையைப் பாறையில வச்சு ஏழு எண்ணுங்க. வச்சிருக்க முடியலன்னா நாய் அதுல நடக்கக் கூடாது. நம்ம கால்ல செருப்பு இருக்கு, அது நேரா உள்ளங்கால்ல நடக்குது. வைகாசி, ஆனியில கேட்டிருந்தா வராதீங்கன்னே சொல்லியிருப்பேன். ஆடியில கணவாய்க் காத்து பொத்தை மேல ஆளையே தள்ளும்.

வழியில நெருஞ்சி முள்ளும் உடைமுள்ளும் உண்டு. நாய் திடீர்னு நின்னு காலைத் தூக்குச்சுன்னா இழுக்காதீங்க, உக்காந்து விரலிடுக்கைப் பாருங்க. சின்ன இடுக்கி ஒண்ணு பையில இருக்கட்டும்.

அம்பை சரவணன்:

அண்ணாச்சி, ஒரு கேள்வி. காரையாறு வழியிலயும் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கத்துலயும் நாய்கள் சுத்துறதை நானே பாத்திருக்கேன். ஆடி அமாவாசைக்கு ஊரே அங்க போய்த் தங்குது. அப்ப இல்லாத கெடுதல், ஊசி எல்லாம் போட்டு வளக்குற ஒரு வீட்டு நாய் கயிறோட போனா வந்துருமா?

பணகுடி அடிவாரம்:

தம்பி, கேட்டது நியாயமான கேள்வி. அங்க நாய் சுத்துறதும் கெடுதல்தான், அதைப் பாத்து நம்ம நாயையும் கூட்டணும்னு இல்ல. நாய்க்கு வாற டிஸ்டெம்பர் நோய் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாத்துக்கும் தொத்தும். 2018-ல கிர் காட்டுல இருபது சிங்கத்துக்கு மேல செத்துச்சு, அதுல சிலதுகிட்ட இந்த வைரஸ்தான் கண்டுபிடிச்சாங்க. ஊசி போட்ட நாயா இருந்தாலும் ஒரு உண்ணியை அங்க இறக்கிட்டு வரலாம், அங்க உள்ளதை வீட்டுக்கு ஏத்திட்டும் வரலாம்.

இன்னொண்ணு உனக்கே தெரியும். உங்க அம்பை, பாபநாசம் அடிவார ஊர்கள்ல சிறுத்தை வந்தா முதல்ல தூக்குறது ஆட்டையும் நாயையும்தான். கயிறுல கட்டின நாய்க்கு ஓடவும் வழி இல்ல. கரடி எதிர்ல வந்தா நாய் குலைச்சு அதைச் சீண்டும், அப்புறம் நம்ம காலுக்கிடையில வந்து பதுங்கும். கூட ரெண்டு பிள்ளைங்க நிக்குது. அந்தக் காடு மிருகங்களுக்கு உள்ளது தம்பி. நாம நாய் இல்லாம, அனுமதியோட, ஒரு நாள் போய்க் கும்பிட்டுட்டு வரலாம்.

அம்பை சரவணன்:

சரி அண்ணாச்சி. செந்நாய்க்கும் தொத்தும்ங்கிறது எனக்குத் தெரியாது. எங்க தெருவுல ரெண்டு பேரு நாயோட போறதாச் சொல்லிட்டிருந்தாங்க, அவங்ககிட்டயும் சொல்லுதேன்.

பாளை மீனா:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, வாசுகி அக்கா. அப்ப பொத்தைதான். அண்ணன்கிட்டப் படிச்சுக் காட்டினேன், சரின்னுட்டார். முந்துன நாள் நானும் அவரும் வந்து பாத்துட்டுப் போறோம். டாபியைப் பத்தி மட்டும் கவலையா இருக்கு. கொஞ்சம் குண்டு, வீட்டுல ஏசியில கெடக்குறவன். பாம்பு பயமும் இருக்கு.

தாழையூத்து கால்நடை:

நான் கால்நடை மருத்துவர். லேப்ரடாருக்கு நம்ம வெயில் ஒத்துக்கொள்ளாது, குண்டாக இருந்தால் இன்னும் ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, இருக்கிற தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், சூடு வெளியே போகாது. வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். நாய் தேறியது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

டாபிக்கு மட்டும் தனியாக 2 லிட்டர் தண்ணீர் எடுங்கள். அடிக்கடி கொஞ்சமாகக் கொடுங்கள். குவாரிக் குட்டைத் தண்ணீர் வேண்டாம். எலிக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். ஏறுவதற்கு முன் வயிறு நிறையத் தீனி கூடாது. கன்னி போல நெஞ்சு ஆழமான நாய்களுக்குத் தின்றதும் ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும். இறங்கி ஒரு மணி நேரம் கழித்து உப்பில்லாத தயிர்சாதம் போதும். பிள்ளைகள் பாசத்தில் அல்வா, சாக்லேட், திராட்சை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கு: கல்லிடுக்கில் மூக்கை நுழைக்க விடாதீர்கள். இந்தப் பாறைக் காட்டில் சுருட்டை விரியன் உண்டு, நிறம் மண்ணோடு மண்ணாக இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். நமக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். வள்ளியூர்ப் பக்கம் அந்த மருந்து எந்த மருத்துவரிடம் இருக்கிறது என்பதை முந்தின நாளே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கு வந்தால் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாபியைத் தூக்க ஒரு கெட்டியான போர்வை எடுத்துப் போங்கள். 30 கிலோ நாயைக் கையில் ஏந்திப் பாறையில் இறங்க முடியாது.

பணகுடி அடிவாரம்:

டாக்டர் சொன்ன போர்வையைக் கட்டாயம் எடுங்க, மறந்துறாதீங்க. டாபி பாதி வழியில படுத்துட்டான்னா கெஞ்சி ஏத்த வேண்டாம். அவன்கூட அம்மா நிழல்ல உக்காரட்டும், மதினியும் இருக்கட்டும். அம்மா முழங்காலுக்கும் ஒரு ஓய்வு. பாதி உசரத்துலயே காத்து நல்லா வரும், ஒரு பிளாஸ்க் சுக்குக்காப்பி இருந்தாப் போதும். மத்தவங்க போய்ட்டு வந்துரலாம்.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ரெண்டு நாய்க்கும் காது மடல், விரலிடுக்கு, வால் அடி எல்லாம் தடவி உண்ணி பாருங்க. இருந்தா இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, நசுக்காதீங்க. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள சோர்வா இருந்து தீனி எடுக்கலன்னா உண்ணிக் காய்ச்சலான்னு ரத்தம் பாக்கணும். டாபி அதுக்குள்ள கோயம்புத்தூர் போயிருப்பான், அதனால அண்ணன்கிட்ட இதை முன்கூட்டியே சொல்லி வைங்க.

காவல்கிணறு விலக்குக்கு வந்துட்டு எனக்கு உள்பெட்டியில ஒரு வரி போடுங்க. முந்துன நாள் நானும் கூட வந்து குவாரி இல்லாத பொத்தையாக் காட்டுதேன்.