கொலுவில் லெகோ லோக்கல் ரயில்: குத்துவிளக்குகிட்ட மட்டும் தடம் புரளுது, உதவி வேணும்

மாட்டுங்கா மாடிவீடு (கொலு 2ஆம் நாள், இரவு 11 மணி)

எல்லாருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்கா கிழக்குல எங்க வீட்டுல ஏழு படி கொலு. படிக்கு முன்னாடி தரையில வருஷா வருஷம் பார்க் போடுவோம். இந்தத் தடவை பையன் பிடிவாதத்தால பார்க்கைச் சுத்தி லெகோ ரயில். 6 அடிக்கு 3 அடி ப்ளைவுட், மேல அம்மாவோட பழைய பச்சைப் பட்டு, அதுக்கு மேல தண்டவாளம்.

வண்டி நாங்களே கட்டினது. மஞ்சளும் பழுப்பும் அடிச்ச அந்தக் காலத்து பம்பாய் லோக்கல், 4 பெட்டி. ஒவ்வொண்ணும் 6 ஸ்டட் (லெகோ மேல இருக்கற குமிழ்) அகலம், 28 ஸ்டட் நீளம். மோட்டார் முதல் பெட்டியில. உள்ளே கைப்பிடி எல்லாம் தொங்கவிட்டிருக்கோம், இடமில்ல, அதனால பேட்டரி ஹப் ரெண்டாவதுல. மூணாவது காலி. நாலாவது கூரையில்லாத பெட்டி, அதுல பித்தளைப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கார் (பையன் ஐடியா).

பிரச்சனை ரெண்டு. குத்துவிளக்கு பக்கம் வரும்போது மூணாவது பெட்டி குதிச்சு வெளியே விழுது. எப்பவும் மூணாவதுதான். இன்னொண்ணு, கலசத்துப் பக்கம் சில சமயம் மோட்டார் சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது. நேத்து வந்த மாமி ஒருத்தர் நின்னுபோன வண்டியைப் பார்த்து "ஹார்பர் லைனா?"ன்னு (அடிக்கடி நின்னு நின்னு போற மும்பை லோக்கல் பாதை) கேட்டுட்டு சுண்டலை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

பேட்டரி மாத்திப் பார்த்தாச்சு. இன்னொரு மோட்டார் வாங்கிப் போட்டா சரியாகுமா? இன்னும் ஏழு நாள் இருக்கு.

தாராவி தம்பி

சார், போட்டது ரீசார்ஜ் பேட்டரியா? அந்த ஹப்ல ஆறு ட்ரிபிள் ஏ போகும். சாதா ஆல்கலைன்னா ஒண்ணு 1.5 வோல்ட், மொத்தம் 9. ரீசார்ஜ்னா 1.2 தான், மொத்தம் 7.2. எனக்கு இதுலதான் வண்டி இழுக்காம போச்சு.

மாட்டுங்கா மாடிவீடு

இல்ல தம்பி, ஆல்கலைன்தான், புத்தம்புதுசு. நேர்ல நல்லாவே ஓடுது.

செம்பூர் செங்கல்

மோட்டார் வாங்காதீங்க சார், காசு வேஸ்ட். ஒரே இடத்துல ஒரே பெட்டி விழுதுன்னா கோளாறு தண்டவாளத்துல, இல்ல அந்தப் பெட்டியில. மோட்டார் பாவம்.

முதல்ல ஒண்ணு செய்யுங்க. முதல் பெட்டியைக் கழட்டி வெச்சிட்டு மிச்ச மூணையும் கையால மெதுவா ஒரு சுத்து தள்ளுங்க. விரல்ல எங்க கனக்குதுன்னு தெரியும். கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினா இன்னும் நல்லாத் தெரியும், நிஜமா.

அப்புறம் எத்தனை வளைவு, எத்தனை நேர் போட்டிருக்கீங்க? எந்த வரிசையில?

மாட்டுங்கா மாடிவீடு

தள்ளினேன். விளக்கு முன்னாடி ரெண்டு இடத்துல இடிக்குது. கலசம் பக்கம் வழவழன்னு போகுது, அது நல்லதுன்னு நினைக்கிறேன்.

ரெண்டு கோடியிலயும் 8, 8 வளைவு. பின்பக்கம் படியை ஒட்டி 8 நேர். முன்பக்கமும் 8 தான் போட்டேன், ஆனா குத்துவிளக்கோட அடித்தட்டு ரெண்டு அங்குலம் வழியில நீட்டிக்கிட்டிருந்தது. விளக்கை நகர்த்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதனால முன்பக்கம் 5 நேரை எடுத்துட்டு, உள்ளே ஒரு வளைவு, உடனே எதிர் வளைவு, ஒரு நேர், திரும்ப வெளியே வளைவு, எதிர் வளைவு. கடைசி இணைப்பை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு அமுக்கினேன். க்ளிக் ஆயிடுச்சு.

செம்பூர் செங்கல்

அந்த "கொஞ்சம் இழுத்து"தான் சார் விஷயம்.

ஒரு ஸ்டட் இடைவெளி 8 மி.மீ. நேர் ட்ராக் 16 ஸ்டட், அதாவது 128 மி.மீ. வளைவு ட்ராக் 16 போட்டா முழு வட்டம், ஒண்ணு 22.5 டிகிரி திரும்பும், நடுக்கோட்டு ஆரம் 40 ஸ்டட். ஒரு வளைவும் அதுக்கு எதிர் வளைவும் சேர்த்துப் போட்டா முன்னோக்கிப் போற தூரம் 30.6 ஸ்டட்தான், 32 இல்ல. பக்கவாட்டுல 6 ஸ்டட் நகரும், அதான் உங்க ரெண்டு அங்குலம்.

நீங்க அப்படி ரெண்டு ஜோடி போட்டிருக்கீங்க. மொத்தம் 61.2. எடுத்த 5 நேர்ல ஒண்ணைத் திரும்பப் போட்டுட்டீங்க, அப்போ எடுத்தது 4 நேர், 64 ஸ்டட். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2.8 ஸ்டட் குறைச்சல், கிட்டத்தட்ட 22 மி.மீ. ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்த 22-ஐ முழுங்கியிருக்கு. மொபைல் டார்ச்சைத் தரையோட வெச்சு அடிச்சுப் பாருங்க, விளக்கு முன்னாடி இணைப்புல நகம் போற அளவு வாய் பிளந்திருக்கும்.

தாராவி தம்பி

அந்த 22-ஐ நிரப்ப வளையுற குட்டி ட்ராக் இருக்கே அக்கா, அது ஒண்ணு போட்டா ஆச்சே?

செம்பூர் செங்கல்

ஆகும் தம்பி. ஆனா அது துண்டு துண்டா கோத்தது, சக்கரம் போகும்போது கடகடன்னு ஒரு சத்தம். வேகமும் செத்துடும். அவசரத்துக்குச் சரி, ஒம்பது நாள் ஓட்ட நான் போட மாட்டேன். பட்டுத் துணி மேல வேணவே வேணாம்.

ரிட்டயர்ட் கார்டு

நான் சென்ட்ரல் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பேரனுக்காக இங்கே வந்து படிக்கிறேன். கணக்கு அம்மா சொன்னது சரி. ஆனால் இடைவெளியை மட்டும் சரிசெய்தால் போதாது. வலப்பக்கம் திரும்பின வண்டியை அடுத்த நொடி இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? ஒரு பெட்டியின் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் மறுபக்கமும் திரும்பியிருக்கும், இணைப்பு பக்கவாட்டில் இழுக்கும். இதற்கு ரிவர்ஸ் கர்வ் என்று பெயர். நிஜத் தண்டவாளத்தில் நடுவில் ஒரு நேர்த்துண்டு வைக்கப் பார்ப்பார்கள். உங்கள் பொம்மைக்கும் அதே வைத்தியம்.

இன்னொரு விஷயம். மூன்றாவது பெட்டி மட்டும் ஏன் விழுகிறது? முன்னால் மோட்டார், பேட்டரி. பின்னால் பித்தளைப் பிள்ளையார். நடுவில் காலிப் பெட்டி. முன்னால் இருப்பவர் இழுக்கிறார், பின்னால் இருப்பவர் நகர மாட்டேன் என்கிறார். வளைவில் காலிப் பெட்டி வில்லின் நாண் மாதிரி உள்பக்கம் இழுபடும். கனத்தை முன்னால் வைக்க வேண்டும், லேசானதைக் கடைசியில். பிள்ளையாரைக் கடைசியில் உட்கார வைத்தது யார்? அவர் எங்கேயும் முதலில் போகிறவர் அல்லவா!

(மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் உள்ள போர் காட் மலைப்பாதையில் ஒரு காலத்தில் டபிள்யூசிஜி-1 என்ற மின்சார எஞ்சின் ஓடியது. கேக்டா, அதாவது நண்டு என்றுதான் கூப்பிடுவோம். உடம்பையே மூன்று துண்டாகப் பிரித்து வளைவில் மடங்கும்படி செய்திருந்தார்கள். ஒன்று டெல்லி ரயில் மியூசியத்தில் நிற்கிறது. உங்கள் 28 ஸ்டட் பெட்டி அப்படி மடங்காதே.)

மாட்டுங்கா மாடிவீடு

மாமா, நமஸ்காரம். பையன் படிச்சிட்டு எழுந்து போய்ப் பிள்ளையாரை எடுத்து முதல் பெட்டியில வெச்சுட்டான். சமையல் தராசுல 110 கிராம். முதல் பெட்டிக்குள்ள இடமில்லாததால கூரையைக் கழட்டி மோட்டாருக்கு நேர் மேல உட்கார வெச்சிருக்கு. விழறது குறைஞ்சிருக்கு, நிக்கல. கலசம் பக்கம் சறுக்கறது அப்படியே இருக்கு.

முலுண்ட் அக்கா

சறுக்கறதை யாருமே கண்டுக்கலையே! தம்பி, கலசத்துக்கு முன்னாடி கோலம் போட்டிருக்கீங்களா?

மாட்டுங்கா மாடிவீடு

போட்டிருக்கு. அம்மா தினம் காலையில புதுசாப் போடறாங்க.

முலுண்ட் அக்கா

அதான். மோட்டார் சக்கரத்துல சின்ன ரப்பர் வளையம் இருக்கும், பிடிப்பே அதாலதான். அதுல கோலமாவு ஒட்டினா சப்பாத்திக்கு மாவு தூவின மாதிரி ஆயிடும். "வழவழன்னு போகுது"ன்னு எழுதினீங்களே, அது நல்லதில்ல. விளக்குலேர்ந்து எண்ணெய் தெறிச்சிருந்தா இன்னும் மோசம், வண்டி ஓடி ஓடி சுத்து முழுக்கப் பூசிடும்.

மோட்டாரைத் திருப்பி ரப்பரைப் பாருங்க. வெள்ளையா இருந்தா ஈரத் துணியால துடைங்க. மோட்டாரைத் தண்ணியில போட்டுடாதீங்க! தண்டவாளத்தைப் பாத்திர சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கழுவலாம், 40 டிகிரிக்கு மேல வேணாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அதுல அசிட்டோன் இருந்தா இந்த பிளாஸ்டிக் கரைஞ்சு அசிங்கமாயிடும். என் தங்கை பொண்ணு ஒரு ஜன்னலை அப்படித்தான் பாழாக்கினா.

எல்லாப் பெட்டியோட சக்கரத்தையும் கழட்டிப் பாருங்க. நவராத்திரி வீட்டுல தலைமுடி மட்டும் இல்ல, என்னென்னமோ சுத்தியிருக்கும்.

மாட்டுங்கா மாடிவீடு (3ஆம் நாள், காலை)

அக்கா, நீங்க எங்க வீட்டுக்குள்ளயே இருந்து பார்த்த மாதிரி சொல்லியிருக்கீங்க. ரப்பர் வளையம் கறுப்புன்னு இன்னிக்குத்தான் தெரியும், இத்தனை நாள் வெள்ளைன்னு நினைச்சிருந்தேன்.

மூணாவது பெட்டியோட பின் அச்சுல என்ன இருந்தது தெரியுமா? மல்லிப்பூ கட்டின வாழைநார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல இறுக்கமா நாலு சுத்து. ஊசியால நெம்பி எடுத்தேன், கடைசியில ஒரு காய்ஞ்ச மொட்டும் வந்தது.

இப்போ சறுக்கல் இல்ல. விளக்குகிட்ட பத்து சுத்துக்கு ஒரு தடவை விழுது. அதுக்கு ட்ராக்கை எப்படி மாத்தறது? முன்பக்கம் நடுவுல நேர் போட்டா இன்னும் இடைவெளி கூடுமே?

செம்பூர் செங்கல்

கூடும். 22 மி.மீ. இருந்தது 42 ஆகும். அதனால முன்பக்கத்தை மட்டும் சரிபண்ணாதீங்க, பின்பக்கத்தையும் அதே மாதிரி உள்ளே வளைச்சுடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே வரிசைன்னா நீளம் தானா சமமாகும், எதையும் இழுக்க வேண்டாம். கொலுவுக்கு ஏத்த மாதிரி உடுக்கை வடிவம் வரும்.

ஒரு பக்கத்துக்கு: நேர், உள் வளைவு, நேர், எதிர் வளைவு, இன்னொரு எதிர் வளைவு, நேர், உள் வளைவு, நேர். மறுபக்கமும் அதேதான். கோடிகளைத் தொடாதீங்க. மொத்தம் 24 வளைவு, 8 நேர். வளைவு இன்னும் 4 வேணும், நேர் மிஞ்சும். நீளம் அஞ்சரை அடிக்குக் கொஞ்சம் மேல, உங்க பலகைக்குள்ள அடங்கும். குழிவு நாலு அங்குலம் ஆயிடும், வண்டி விளக்கைவிட்டுத் தள்ளியே போகும், எண்ணெய்க்கும் நல்லது.

அப்புறம் அந்தப் பட்டு. ட்ராக்குக்கு அடியில துணி இருந்தா ஒரு சுருக்கம் போதும், இணைப்பு மேல எழும்பும். பட்டை ட்ராக்குக்கு உள்பக்கம் மட்டும் விரிங்க, ட்ராக் நேரா மரத்து மேல உட்காரட்டும்.

4 வளைவு என்கிட்ட இருக்கு. சாயந்திரம் செம்பூர் ஸ்டேஷன் வந்தா தரேன், தசமிக்கு அப்புறம் திருப்பிக் கொடுங்க.

மாட்டுங்கா மாடிவீடு (4ஆம் நாள், இரவு)

மேடம், ரொம்ப நன்றி. கடைசி இணைப்பு தானா போய் உட்கார்ந்தது, அந்த சத்தமே வேற. ஆறு மணியிலேர்ந்து ஒம்பதரை வரை ஒரு தடவைகூட விழல. ரிமோட்ல ப்ளஸ்ஸை முழுசா அமுக்காம ரெண்டு படி கம்மியா ஓட்டறோம். ஹார்பர் லைன் மாமி திரும்ப வந்தாங்க, "இப்போ ஃபாஸ்ட் லோக்கலா?"ன்னாங்க.

பையன் இப்போ மேம்பாலம் கேக்கறான். ஒரு ட்ராக் மேல இன்னொண்ணு தாண்டணுமாம்.

செம்பூர் செங்கல்

பேன்டோகிராஃபோட (கூரை மேல மின்கம்பியைத் தொடற சட்டம்) வண்டி உயரத்துக்கு 12 பிரிக் இடம் வேணும். ஒரு பிரிக் உயரம் மூணு ப்ளேட் (தட்டைத் துண்டு), 12 பிரிக்னா 36 ப்ளேட். ஒரு நேர் ட்ராக்குக்கு ஒரு ப்ளேட் வீதம் ஏறினாத்தான் மோட்டார் திணறாம ஏறும். 36 ட்ராக், நாலரை மீட்டருக்கு மேல, ஏற மட்டும். இறங்க இன்னொரு நாலரை. உங்க ஹால்ல ஏறி பக்கத்து கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன்ல இறங்கலாம்.

மாட்டுங்கா மாடிவீடு (8ஆம் நாள், இரவு)

வண்டி ஜோரா ஓடிக்கிட்டிருக்கு, சந்தேகம் இப்போ வேற மாதிரி. நாளைக்கு சரஸ்வதி பூஜை. புஸ்தகம், கருவி எல்லாம் பூஜையில வெச்சா அன்னிக்குத் தொடக் கூடாது. ரயில் கருவியா, பொம்மையான்னு பையன் கேக்கறான். அம்மா கருவிங்கறாங்க. நாளைக்குத்தான் முப்பது பேர் வராங்க.

முலுண்ட் அக்கா

ரிமோட்டைப் பூஜையில வெச்சுடுங்க. அதான் கருவி. வண்டியைப் போன் ஆப்ல ஓட்டுங்க.

ரிட்டயர்ட் கார்டு

போனையும் பூஜையில் வைக்கச் சொல்லுவார்கள். நான் 34 வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கும் வண்டியோடு போயிருக்கிறேன். காலையில் எஞ்சினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, தேங்காய் உடைப்போம். அப்புறம் கொடி காட்டினால் வண்டி நேரத்துக்குக் கிளம்பும். உங்கள் வண்டிக்கும் பொட்டு வையுங்கள். குங்குமம் ரப்பரில் படாமல்.