பழைய சிஜே 3பி ஜீப்புக்கு எந்த பவர் ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும்?

கேள்வி (குலசேகரம்):
அனைவருக்கும் வணக்கம். அப்பா காலத்து மகிந்திரா சிஜே 3பி ஜீப் ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்திற்கு வாரம் இருமுறையாவது அதில்தான் போய் வருகிறோம். பழைய 6.00-16 டயர்களைக் கழற்றிவிட்டு அகலமான டயர்களைப் போட்டதிலிருந்து, ரப்பர் ஷீட் ஏற்றிய வண்டியை வளைவில் ஒடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. பொலேரோவின் பவர் பாக்ஸ், அமெரிக்க ஜீப்புகளில் பேர்பெற்ற சாகினா பாக்ஸ், சிறிய கார்களில் வரும் எலக்ட்ரிக் காலம் (மோட்டார் பொருத்திய ஸ்டியரிங் தண்டு) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில் (மார்த்தாண்டம், ஒர்க்ஷாப்):
தம்பி, பாக்ஸின் பெயரை விட அதன் டிராப் ஆர்ம் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பாக்ஸுக்கு வெளியே ஆடும் கை) எந்தத் திசையில் ஆடுகிறது என்பதே முக்கியம். உங்கள் வண்டியில் இருக்கும் ராஸ் வகைப் பாக்ஸின் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடி, டிராக் லிங்க் என்ற இணைப்புக் கம்பி வழியாக நடுவிலுள்ள பெல் கிராங்க் என்ற நெம்புகோலைத் திருப்ப, அதிலிருந்துதான் இரு சக்கரங்களுக்கும் டை ராட் என்ற கம்பிகள் போகின்றன. பக்கவாட்டில் ஆடும் ஆர்ம் உள்ள பாக்ஸை வாங்கினால் பெல் கிராங்கை எடுத்துவிட்டு, பாக்ஸைச் சேஸிஸின் வலது முன்முனையில் நிறுத்தி, டிராக் லிங்கை நேராக இடது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த லிங்க் ஆக்சிலுக்கு ஏறக்குறைய இணையாகக் கிடக்காவிட்டால், குழியில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒருபக்கம் திரும்பும்.

சாகினா நல்ல பாக்ஸ்தான். ஆனால் அமெரிக்க வண்டிகளில் இருந்து வருபவை இடப்பக்க ஓட்டத்துக்கானவை என்பதால், அவற்றில் போல்ட் போடும் காதுகளும் ஸ்டியரிங் ஷாஃப்ட் வரும் கோணமும் நமக்கு மாறியே இருக்கும். எந்தப் பாக்ஸானாலும் காசு கொடுக்குமுன் வைஸில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். டிராக் லிங்க் ஆக்சிலுக்கு முன்னால் நக்கிளைப் பிடிப்பதானால், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பும்போது ஆர்மும் வலப்பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் அதைத் தொடவே வேண்டாம். ஆர்ம் நீளம் போதவில்லை என்று அதைச் சூடாக்கி வளைப்பதோ வெல்ட் வைப்பதோ கூடவே கூடாது.

பதில் (நாகர்கோவில்):
அண்ணாச்சி சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் ஒர்க்ஷாப் ஒன்றில் பவர் பாக்ஸ் மாட்டிய என் ஜீப்பில், சேஸிஸின் வெறும் தகட்டில் துளையிட்டு போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். பவர் பாக்ஸ் தள்ளும் விசையை அந்தத் தகடு தாங்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கீரிப்பாறையிலிருந்து இறங்கி வந்து வண்டியைக் கழுவும்போது, போல்ட் துளையின் ஓரத்திலிருந்து முடிபோல ஒரு துருக்கோடு கீழிறங்கியிருந்ததைப் பார்த்தேன். அது கீறல். இப்போது சேஸிஸுக்குள் குறுக்காகக் குழாய் புஷ்களை வெல்ட் செய்து, வெளியே தகடு கொடுத்து, அவற்றின் வழியாகப் போல்ட் போட்டிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைப் பற்றிப் பேசுவதால், வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எலக்ட்ரிக் காலம் போட்டால் சேஸிஸில் கை வைக்கவே வேண்டாமே?

பதில் (மார்த்தாண்டம், ஒர்க்ஷாப்):
உண்மைதான், பம்ப், பெல்ட், ஹோஸ் எதுவும் வேண்டாம். ஆனால் மோட்டாரின் விசை முழுவதும் தேய்ந்த உங்கள் பழைய பாக்ஸ் வழியாகவே போகும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது அது இழுக்கும் கரண்டுக்கு ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் ஈடுகொடுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாக்ஸ் என்றால் நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டில் சக்கரம் முட்டிய பிறகும் பாக்ஸில் கொஞ்சம் திருப்பம் மிச்சமிருக்கும்படி அமையுங்கள். பாக்ஸே முதலில் கடைசி வரை போய் முட்டினால் உள்ளே உடையும். எப்படியானாலும், பாரம் சக்கரத்தின் பக்கமே இருக்கிறதா என்று தெரிய, முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டை ராடுகளைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அண்ணாச்சி, நேற்று கழற்றிப் பார்த்தோம். இடது சக்கரம் லேசாகத் திரும்பியது. வலது சக்கரம் நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்து நின்றது. அந்தப் பக்க நக்கிளின் கீழ் பேரிங்கைக் கழற்றியபோது, அதன் வெளி வளையமான கப்பில் ரோலர்கள் வரிசையாகப் பதிந்த பள்ளங்கள் விரல் நகத்தில் தட்டுப்பட்டன. பேரிங்கும் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, பாரம் குறையாவிட்டால் வலப்பக்க ஓட்டத்துக்கான பாக்ஸ் ஒன்றை டிராப் ஆர்மோடு சேர்த்துத் தேடுகிறேன்.