‘வேன் வேணுமா?’ என்று கேட்பதா, ‘அஞ்சுக்கா எட்டுக்கா?’ என்று கேட்பதா?

நுவரெலியா வேன்காரன்:
போனில் யாராவது ஹயர் விலை கேட்டால் “வேன் வேணுமா?” என்று நான் கேட்பதே இல்லை. “ஹோட்டன் சமவெளிக்கு விடிய அஞ்சுக்குக் கிளம்புவோமா, எட்டுக்கா?” என்றுதான் கேட்பேன். எப்போது போவது என்று யோசிக்கத் தொடங்கினால், போவதா வேண்டாமா என்ற யோசனை போய்விடும். புதுசாக ஹயர் ஓடும் தம்பிமார் இப்படிப் பேசிப் பாருங்கள்.

பதுளைக்காரி:
இதில் தெரிவு எங்கே அண்ணே இருக்கிறது? வாசலைச் சாத்திவிட்டு இரண்டு ஜன்னலைக் காட்டுகிறீர்கள். கொழும்பிலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரரிடமும் ஒரு வேன்காரர் இப்படித்தான் கேட்டார், எட்டு என்றார்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் அங்கே இருக்கிற ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பை மூடுபனி மூடிவிடும் என்று அந்த ஆள் வாயே திறக்கவில்லை, டிக்கெட் காசும் கட்டி வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நுவரெலியா வேன்காரன்:
அது அந்த ஆளின் பிழை தங்கச்சி. மூடுபனியை நான் சொல்லித்தான் கேட்பேன்.

தேயிலைக்கடை:
குறைத்துக் காட்டுவது நல்லதுதான். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியாக் கடையொன்றில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 வீதம்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 வீதம். நானும் ஓபி, பிஓபி, டஸ்ட் என்று தேயிலை ரகங்களை அடுக்குவதில்லை. “பால் ஊற்றியா, பிளேன்டீயா?” என்று கேட்டு இரண்டு பைக்கற்றை முன்னால் வைப்பேன், சரி, அவ்வளவுதான்.

பதுளைக்காரி:
உங்கள் கேள்வி வேறு, அது வாங்குகிறவருக்கு உதவுகிறது. ஆனால் ஜாம் கதையை ரொம்ப நம்பாதீர்கள். 2010இல் இப்படியான 50 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தெரிவுகள் கூடுவதன் சராசரி விளைவு கிட்டத்தட்ட பூச்சியம். அதைவிட “விருப்பம் உங்களுடையது, வேண்டாமென்றாலும் சரி” என்று சேர்த்துச் சொன்னால் சம்மதிக்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று கிறிஸ்டோபர் கார்ப்பென்டர் 2013இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். வேன்கார அண்ணன் அந்த ஒரு வரியைச் சேர்ப்பாரா?

நுவரெலியா வேன்காரன்:
வேண்டாம் என்ற சொல்லை நானே எடுத்துக் கொடுத்தால் மழை மாசத்தில் வேனுக்கான லீசிங் தவணையை யார் கட்டுவது?

பதுளைக்காரி:
அப்போ கஸ்டமருக்காக இல்லை, லீசிங்குக்காகத்தான் கேட்கிறீர்கள்.

நுவரெலியா வேன்காரன்:
வேறு எதற்கு வேன் ஓட்டுகிறேன்? சரி, ஏப்ரல் சீசனில் வேண்டுமானால் உங்கள் வரியைச் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த மாசம்தான் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லையே.